கயிற்றுப் பாலத்தில் நடக்கும் குழந்தைக்கு யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நாட்களில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் இடங்களாகக் கடற்கரையும் உயிரியல் பூங்காவும் திரையரங்கும் மட்டுமே இருந்த நிலை மாறிவிட்டது. குளிரூட்டப்பட்ட உள்ளரங்க விளையாட்டுக் கூடங்களும் இன்று அவற்றோடு சேர்ந்துகொண்டுள்ளன. தொங்கும் மரக்கட்டைகள், கயிற்றுப் பாலம், வலை ஏணி, ஏறு சுவர், கம்பி வடத்தில் தொங்கியபடி சறுக்கிச் செல்லும் ஜிப் லைன், குதிப்பதற்கான மீள்விரிப்பான டிராம்போலின் என ஒன்றன்பின் ஒன்றாகத் தடைகளை அமைத்து, அவற்றைக் கடந்து வரச் செய்யும் இக்கூடங்கள், சென்னை, கோவை போன்ற நகரங்களில் வணிக வளாகங்களின் மேல்தளங்களிலும் கிடங்கு போன்ற பெரிய கொட்டகைகளிலும் இயங்கி வருகின்றன. அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் தங்கையின் பிள்ளைகள் இருவரைச் சென்னைப் புறநகரில் உள்ள அத்தகைய கூடம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். தொழிற்சாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி, உயரத்தில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்தவன் என்ற முறையில், அங்கு நான் கண்டவற்றைத் தங்கள் நாளிதழ் வழியாகப் பெற்றோர்களின் கவனத்துக்கும் அரசின் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகிறேன். கூடத்தின் பெயரை எழுதவில்லை. நான் கண்ட குறைகள் அந்த ஒரு நிறுவனத்தோடு முடிந்துபோகிறவை அல்ல என்பதும், ஒரு பெயரைச் சொன்னால் மற்ற கூடங்களெல்லாம் சரியாக இருப்பதாகப் பெற்றோர் எண்ணிவிடக்கூடும் என்பதுமே அதற்குக் காரணம்.

இத்தகைய கூடங்களே வேண்டாம் என்று சொல்லும் நோக்கம் எனக்குத் துளியும் இல்லை. ஏறுவதற்கு மரமும் ஓடுவதற்குத் தெருவும் இல்லாமல் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வளரும் பிள்ளைகளுக்கு, உடலைச் சமநிலையில் நிறுத்தவும், பயத்தை எதிர்கொண்டு அடுத்த அடியை எடுத்து வைக்கவும் பழக்கும் இடம் ஒன்று கட்டாயம் தேவை. ஒன்பது வயதான என் மருமகள் கயிற்றுப் பாலத்தின் நடுவில் நின்று அழுதுவிட்டு, பிறகு தானாகவே மறுகரை சேர்ந்து அங்கிருந்து என்னைப் பார்த்துக் கையசைத்தபோது அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். கால் இடறும், முழங்கை சிராய்க்கும். விளையாட்டில் அதெல்லாம் உண்டு. ஆனால் குழந்தை தன் கண்ணால் கண்டு எடைபோடக்கூடிய ஆபத்து வேறு, அதன் கண்ணுக்கும் பெற்றோரின் கண்ணுக்கும் தெரியாத ஆபத்து வேறு. பாலம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் குழந்தை பார்க்கிறது. தன் இடுப்புப் பட்டையின் தையல் நைந்திருப்பதையோ, தலைக்கு மேலே ஓடும் கம்பி வடத்தின் முடிச்சுப் பிடி தளர்ந்திருப்பதையோ அதனால் பார்க்க முடியாது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத பகுதியை வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில்தான் நாம் கட்டணம் செலுத்துகிறோம்.

அங்கிருந்த ஊழியர்களைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும், அது அவர்களுக்கு உரியது. பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய இளைஞர்களும் இளம்பெண்களும் அங்கு வேலை செய்கிறார்கள். பாலத்தின் நடுவில் என் மருமகள் உறைந்து நின்றபோது, மேடையில் நின்ற ஓர் இளம்பெண், "பாப்பா, கீழ பாக்காத, என்னையே பாரு, ஒவ்வொரு கட்டையா வா" என்று குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவசரப்படுத்தியும் அவர் குழந்தையை விரட்டவில்லை. ஜிப் லைனில் ஏறவந்த மற்றொரு சிறுமியின் அவிழ்ந்திருந்த கூந்தலைப் பார்த்து, அதைப் பின்னி முடிந்துகொண்டு வந்தால்தான் அனுப்புவேன் என்று அவர் உறுதியாக மறுத்துவிட்டார். கம்பி வடத்தில் ஓடும் உருளையில் தலைமுடி சிக்கினால் என்ன நேரும் என்பதை அறிந்தவர்கள் அந்த மறுப்பின் மதிப்பை உணர்வார்கள். சிறுமியின் தந்தை கோபப்பட்டபோதும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நல்ல சேவை என்பது வாடிக்கையாளர் கேட்டதையெல்லாம் செய்து கொடுப்பது அன்று. மறுக்க வேண்டிய இடத்தில் மரியாதையோடு மறுப்பதும் அதில் அடங்கும்.

இனி குறைகளுக்கு வருகிறேன். உயரத்தில் நடக்கும் பகுதியில் ஒவ்வொரு குழந்தைக்கும் இடுப்பையும் தொடைகளையும் சுற்றி ஹார்னஸ் என்ற பாதுகாப்புப் பட்டையை மாட்டுகிறார்கள். அதிலிருந்து புறப்படும் இரண்டு கயிறுகளின் முனையில் இரண்டு கொக்கிகள் இருக்கின்றன. ஒரு தடையைக் கடந்து மேடைக்கு வந்ததும் அக்கொக்கிகளை அடுத்த தடையின் கம்பி வடத்துக்கு மாற்ற வேண்டும். கொக்கி இரண்டாக இருப்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு: ஒன்றைக் கழற்றும்போது மற்றொன்று வடத்தில் மாட்டியபடியே இருக்க வேண்டும், எந்த நொடியிலும் குழந்தை பிடிமானமின்றி நிற்கக்கூடாது. அன்று மாலை மூன்றாவது மேடையில் ஓர் இளைஞர் தனியாளாக நின்றிருந்தார். ஏறக்குறைய இரண்டு பேர் மட்டுமே நிற்கத் தக்க அம்மேடையில் நான்கு பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றனர். அவசரத்தில் அவர் ஒரு சிறுவனின் இரண்டு கொக்கிகளையும் ஒருசேரக் கழற்றி இடக்கையில் பிடித்துக்கொண்டு, வலக்கையால் வேறொரு குழந்தையின் தலைக்கவசத்தைச் சரிசெய்தார். அதன் பிறகே அந்தக் கொக்கிகளை அடுத்த வடத்தில் மாட்டினார். அந்தச் சில நொடிகள் அச்சிறுவன் விளிம்பில், எந்தக் கட்டும் இல்லாமல், பின்னாலிருந்து தள்ளப்படும் நிலையில் நின்றான். எதுவும் நேரவில்லை. ஆனால் எங்கள் தொழிற்சாலையில் வளர்ந்த தொழிலாளி ஒருவர் இப்படி நின்றிருந்தால், அன்றைய வேலை அந்த இடத்திலேயே நிறுத்தப்பட்டிருக்கும்.

அந்த இளைஞரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு கொக்கி முழுமையாகப் பூட்டிக்கொண்டால்தான் மற்றது திறக்கும் வகையில் ஒன்றோடொன்று இணைந்து செயல்படும் கொக்கிகள் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தொடக்கத்தில் ஒருமுறை மாட்டினால் கடைசித் தடை வரை கழற்றவே தேவையில்லாதபடி, தலைக்கு மேலே தொடர்ச்சியாகச் செல்லும் தண்டவாள அமைப்பும் உண்டு. இவை இருக்கும் இடத்தில் ஊழியரின் களைப்போ கவனச்சிதறலோ குழந்தையின் உயிரோடு விளையாட முடியாது. விலை மலிவான பழைய முறையை வைத்துக்கொண்டு, அதற்குத் தேவையான ஆட்களையும் நியமிக்காமல் இருப்பது நிர்வாகத்தின் முடிவு. அதற்கு மாதச் சம்பளத்துக்கு நிற்கும் ஓர் இளைஞரைப் பொறுப்பாக்குவது நியாயம் ஆகாது.

ஹார்னஸ்களின் நிலையும் எனக்குக் கவலையளித்தது. தொழிற்சாலைகளில் பயன்படும் முழுவுடல் பாதுகாப்புப் பட்டைக்கு ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர நிர்ணயம் உள்ளது. எங்கள் பிரிவில் ஒவ்வொரு பட்டைக்கும் ஓர் எண்ணும், எந்த ஆண்டு தயாரானது, கடைசியாக யார் எப்போது சோதித்தார் என்ற விவரங்கள் கொண்ட அட்டையும் இருந்தன. அந்த அட்டை இல்லாத பட்டையை யாரும் தொடக்கூடாது. இந்தக் கூடத்தில் மாட்டியிருந்த பட்டைகளில் சிலவற்றில் தயாரிப்பாளரின் முத்திரைத் துணி முற்றிலும் அழிந்திருந்தது, சிலவற்றில் அறுந்தே போயிருந்தது. ஆறு வயதான என் மருமகனுக்கு மாட்டிய பட்டையின் தொடை வளையத்துக்குள் என் முழுக் கை எளிதாகப் போய்வந்தது. பெரியவர்களுக்கான இடுப்புப் பட்டையைச் சிறு குழந்தைக்கு இறுக்கி மாட்டுவது போதாது. சிறு குழந்தைகளுக்கு இடுப்பு எலும்பு போதுமான அளவு வளர்ந்திருக்காது, தலையின் எடையும் உடலோடு ஒப்பிடும்போது அதிகம். எனவே தலைகீழாகக் கவிழ்ந்தால் அவர்கள் இடுப்புப் பட்டையிலிருந்து நழுவிவிட வாய்ப்புண்டு. ஐரோப்பியத் தர நிர்ணயமான இ.என். 12277, 40 கிலோவுக்குட்பட்டவர்களுக்கென்று தோளையும் சேர்த்துப் பிடிக்கும் தனி வகை ஹார்னஸை வரையறுத்திருக்கிறது. அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டபோது, "எல்லாருக்கும் இதுதான் சார், டைட் பண்ணிக்கலாம்" என்ற பதில் கிடைத்தது. நான் மருமகனை மேலே அனுப்பவில்லை. அவன் நெடுநேரம் அழுதான்.

கண்காணிப்பு என்பது ஓர் ஊழியர் அருகில் எங்கேயோ நிற்பது அன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கயிற்றுத் தடைக் களங்களுக்கென ஐரோப்பிய நாடுகளில் பின்பற்றப்படும் இ.என். 15567 என்ற தர நிர்ணயம் கண்காணிப்பை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது: கையால் பிடித்துத் தடுக்கக்கூடிய நெருக்கத்தில் இருப்பது, தெளிவாகப் பார்த்துக் குரல் கொடுத்துத் திருத்தக்கூடிய தூரத்தில் இருப்பது, தேவைப்பட்டால் உதவிக்கு வந்து சேரக்கூடிய நிலையில் இருப்பது. குழந்தையின் வயதும் பயன்படுத்தப்படும் கொக்கியின் வகையும் எந்த நிலை வேண்டும் என்பதை முடிவு செய்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறையாவது, கூடத்தை நடத்துபவர் அல்லாத தகுதி பெற்ற ஒருவர் முழு அமைப்பையும் சோதிக்க வேண்டும் என்றும் அது கேட்கிறது. நம் ஊரில் இதைக் கேட்பவர் யார் என்பதுதான் என் கேள்வி.

டிராம்போலின் பகுதியில் ஊழியர் ஒருவர் ஊதலோடு நின்றிருந்தார். ஒரு சதுரத்தில் ஒருவர் மட்டுமே குதிக்க வேண்டும் என்ற அறிவிப்பும் சுவரில் பெரிதாக இருந்தது. ஆனால் கல்லூரி மாணவர்கள் குதிக்கும் அதே சதுரத்தில் சிறு பிள்ளைகளும் ஏறிக்கொண்டபோது ஊதல் ஒலிக்கவில்லை. டிராம்போலின் காயங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஒன்றுக்கு மேற்பட்டோர் சேர்ந்து குதிக்கும்போது நேர்பவை என்றும், அவ்வாறு குதிப்பவர்களில் எடை குறைந்தவரே பெரிதும் அடிபடுகிறார் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பெரியவர் இறங்கும் வேகத்தில் விரிப்பு மேலே எழும்பி வரும் அதே கணத்தில் குழந்தையின் கால் அதில் பதிந்தால், அந்த விசை முழுவதையும் அந்தச் சிறிய கால் எலும்பு தாங்க வேண்டியிருக்கும். விழாமலேயே எலும்பு முறிவது இதனால்தான். உயரத்தைக் கொண்டோ வயதைக் கொண்டோ பகுதிகளைப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் தீரக்கூடிய பிரச்சினை இது. பிரித்தால் ஒரு ஸ்லாட்டுக்கு, அதாவது ஒரு விளையாட்டு நேரத்துக்கு, விற்கும் டிக்கெட்டுகள் குறையும் என்பதைத் தவிர வேறு தடை எனக்குத் தெரியவில்லை.

நுழைவிடத்தில் கட்டணச் சீட்டோடு ஒரு படிவம் நீட்டப்படுகிறது. கிரிப் சாக்ஸ் என்னும் வழுக்காத காலுறைக்குத் தனிக் கட்டணம், பொருள் வைக்கும் பெட்டிக்குத் தனிக் கட்டணம், வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீருக்கு அனுமதி இல்லை என்பவற்றையெல்லாம் சிறு குறைகளாக விட்டுவிடலாம். இருந்தாலும் வியர்த்து வரும் குழந்தைக்கு இலவசக் குடிநீர்க் குழாய் ஒன்று வைக்கலாம். அந்தப் படிவத்தை அப்படி விட முடியாது. உயிரிழப்பு உட்பட எந்த இழப்புக்கும், ஊழியரின் அலட்சியத்தால் நேர்ந்தாலும்கூட, நிறுவனம் பொறுப்பேற்காது என்று மிகச் சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும் அதில் அச்சிட்டிருக்கிறார்கள். வரிசையில் நிற்பவர்கள் படிக்காமலே கையெழுத்திடுகிறார்கள். கையெழுத்திட்டுவிட்டதால் தங்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்று பெற்றோர் எண்ண வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நியாயமற்ற ஒப்பந்தம் என்பதற்கு விளக்கம் தந்திருக்கிறது. அத்தகைய ஒப்பந்தத்தின் நியாயமற்ற நிபந்தனைகளைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு. சேவைக் குறைபாட்டுக்காக வழக்குத் தொடுக்கவும் வழி உண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் செய்யலாம். படிவத்தில் பெற்றோர் அறிய வேண்டிய தகவல் இருக்கக்கூடாது என்பதில்லை. எடை வரம்பு, உயர வரம்பு, யாருக்கு எது ஆகாது என்பனவற்றைத் தமிழில், படிக்கக்கூடிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் அது உண்மையிலேயே பாதுகாப்புக்கு உதவும்.

எல்லாவற்றையும்விட என்னை அச்சுறுத்தியது தீ பற்றிய எண்ணம். குதிப்பதற்கென ஃபோம் துண்டுகள் நிரப்பிய பெரிய பள்ளம், தூண்களைச் சுற்றி ஃபோம் உறைகள், தரை முழுவதும் ஃபோம் மெத்தைகள் என அந்தக் கூடமே எளிதில் எரியக்கூடிய பொருள்களால் நிரம்பியிருக்கிறது. பாலியூரித்தேன் ஃபோம் பற்றிக்கொண்டால் மிக வேகமாக எரியும். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்திருக்கும் என்பதால், தீ நெருங்குவதற்கு முன்பே புகை ஆளை வீழ்த்திவிடும். இந்த நிலையில், பிறந்தநாள் விழா அறையை ஒட்டி இருந்த அவசர வழியைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே கதவை மறைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளும், பலூன்களுக்கு வாயு நிரப்பும் ஓர் உருளையும் இருந்தன. நாற்காலிகளை நகர்த்திக் கதவைத் தள்ளிப் பார்த்தேன், அது வெளிப்புறமாகப் பூட்டப்பட்டிருந்தது. டிக்கெட் வாங்காமல் சிலர் அவ்வழியே நுழைந்துவிடுகிறார்கள் என்பது அதற்குக் கிடைத்த விளக்கம்.

2024 மே 25 அன்று குஜராத்தின் ராஜ்கோட் நகரில் டி.ஆர்.பி. விளையாட்டு மண்டலத்தில் நேர்ந்த தீ விபத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோடை விடுமுறையின் ஒரு சனிக்கிழமை மாலை, தகரக் கொட்டகை அமைப்பு, ஒரு பக்கம் வெல்டிங் வேலை, உள்ளே எளிதில் எரியும் பொருள்கள், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று கிடையாது. குழந்தைகள் உட்பட 27 பேர் உயிரிழந்தனர். குஜராத் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டு, இது மனிதர்களால் விளைந்த பேரழிவு என்று கூறியது. வேறு மாநிலத்துச் செய்தி என்று நாம் கடந்துவிட முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பள்ளிக் குழந்தைகளைத் தீக்கு இழந்த மாநிலம் நம்முடையது. பள்ளிகளில் கூரை வேய்ந்த கட்டடங்கள் அகற்றப்பட்டதும், மாடிப்படிகளின் அகலமும் வெளியேறும் வழிகளும் அளந்து பார்க்கப்பட்டதும் அதன் பிறகுதான். இப்போது அதே பள்ளிகள் வேன்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஒருநாள் சுற்றுலாவாக இக்கூடங்களுக்கு அழைத்து வருகின்றன. பள்ளிக் கட்டடத்துக்குக் கேட்கும் சான்றுகளை, அப்பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் கூடும் இந்தக் கொட்டகைக்குக் கேட்பவர் இருக்க வேண்டாமா?

நம்மிடம் சட்டமே இல்லை என்பதன்று. பொதுமக்கள் கூடும் இடங்களுக்கு உரிமம் வழங்குவதற்கென்று சென்னை மாகாணக் காலத்தில், 1888ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தீயணைப்புத் துறைக்கு 1985ஆம் ஆண்டின் சட்டம் உள்ளது. மின்தூக்கிக்குக்கூடத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. ஒரு மின்தூக்கியில் எத்தனை பேர் ஏறலாம் என்பதை உள்ளே நிற்கும் எவரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் தரையிலிருந்து பல அடி உயரத்தில், ஒரு கொக்கியை நம்பிக் குழந்தை நடக்கும் பாலத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருக்கலாம், அவர்களுக்கு எத்தனை பயிற்சி பெற்ற ஊழியர்கள் வேண்டும் என்பதை அக்கூடத்தில் எங்கும் நான் காணவில்லை. கட்டணப் பட்டியல் மட்டும் வாசலிலேயே இருந்தது. ராஜ்கோட் விபத்துக்குப் பிறகு குஜராத் அரசு விளையாட்டு மண்டலங்களுக்கெனத் தனி விதிகளை வகுத்தது. தமிழ்நாடு அரசும் ஒரு விபத்துக்காகக் காத்திராமல் அதைச் செய்ய வேண்டும். தடைகளின் கட்டுமானத்தையும் கம்பி வடங்களையும் வெளியாள் ஒருவர் ஆண்டுதோறும் சோதித்த சான்று, தீயணைப்புத் துறையின் உரிமம், ஒரு ஸ்லாட்டுக்கு அனுமதிக்கப்படும் அதிகபட்ச எண்ணிக்கை, அப்போது பணியில் இருக்க வேண்டிய ஊழியர்களின் எண்ணிக்கை ஆகியவை நுழைவிடத்திலேயே தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும். நேர்ந்த காயங்கள் ஒவ்வொன்றையும் எழுதிவைக்கும் பதிவேடும் இருக்க வேண்டும். சிறு காயங்கள் ஒரே தடையில் மீண்டும் மீண்டும் நேர்கின்றன என்பதைப் பதிவேடு காட்டிவிடும், பெரிய காயத்துக்கு முன்பே அந்தத் தடையைச் சரிசெய்துவிடலாம்.

புறப்படும் முன் மேலாளரைச் சந்தித்து இவற்றையெல்லாம் சொன்னேன். அவர் என்னை உட்காரவைத்து, பொறுமையாகக் கேட்டார். அதற்கு நன்றி. வார இறுதியில் கூட்டம் கட்டுக்கடங்குவதில்லை என்றும், வேலைக்கு வரும் இளைஞர்கள் இரண்டு மூன்று மாதங்களில் வேறு வேலைக்குப் போய்விடுவதால் பயிற்சி கொடுத்து மாளவில்லை என்றும், இதுவரை அங்கு பெரிதாக ஒன்றும் நேர்ந்ததில்லை என்றும் கூறினார். முதல் இரண்டும் உண்மையாகவே இருக்கும். ஊதியத்தை உயர்த்தி ஆட்களைத் தக்கவைப்பதும், ஆள் குறைவாக உள்ள நாளில் டிக்கெட்டைக் குறைப்பதும் அவர் நிர்வாகத்தின் கையில்தான் இருக்கின்றன. மூன்றாவதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் தொழிற்சாலையில் விபத்து நடந்த ஒவ்வொரு இடத்திலும், அதற்கு முந்தைய நாள் வரை எதுவும் நேர்ந்திருக்கவில்லை. அவசர வழியை மறைத்த நாற்காலிகளை மேலாளர் அப்போதே அகற்றச் சொல்லி, கதவின் பூட்டையும் திறக்கவைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அது திறந்தே இருக்குமா என்பதை அவரது நல்ல மனத்தை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை தொடங்குவதற்கு முன்பாக, மாவட்ட ஆட்சியர்கள் தீயணைப்புத் துறை, உள்ளாட்சி அமைப்புகள், காவல் துறை ஆகியவற்றின் கூட்டுக் குழுவை இக்கூடங்களுக்கு அனுப்பி, முன்னறிவிப்பின்றி, கூட்டம் மிகுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் சோதனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். பள்ளிக் கல்வித் துறை, தீயணைப்பு உரிமமும் சோதனைச் சான்றும் காட்டாத கூடங்களுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. புகார் செய்ய விரும்பும் பெற்றோர் எந்த அலுவலகத்தை அணுக வேண்டும் என்பதையும் அரசு தெளிவாக அறிவிக்க வேண்டும். நான் கேட்டுப் பார்த்தவரையில் ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்தைத்தான் கைகாட்டியது.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
சென்னை.